லோடு ஏறுது, யார் காரணம்? ஆறு வருஷமாக ஓடும் ஒரு ஸ்கிரிப்ட்

ராத்திரி இரண்டேகாலுக்கு போன் வரும். "அண்ணா, சைட் ஓப்பனே ஆகல." எழுந்து, விபிஎன் போட்டு, சர்வருக்குள் நுழைந்து டாப் (இப்போது ஓடும் ப்ராசஸ்களை, அதாவது ப்ரோகிராம்களை, காட்டும் கமாண்ட்) அடிப்பதற்குள் எல்லாம் அடங்கியிருக்கும். காலையில் ஆபீஸில் காரணம் கேட்டால் திருதிருவென்று முழிப்பேன். மூன்று தடவை இப்படி முழித்த பிறகுதான், எந்த ப்ராசஸ் சர்வரை இழுக்கிறது என்று குறித்துவைக்கும் ஸ்கிரிப்ட் எழுத உட்கார்ந்தேன். ஆறு வருஷம் ஆகிறது. இப்போது எட்டு லினக்ஸ் சர்வர்களில் நிமிஷத்துக்கு ஒருமுறை ஓடுகிறது, மூன்று தடவை உருமாறியும் விட்டது.

முதல் வடிவம் ஒரே வரி. பிஎஸ் கமாண்ட் தரும் ப்ராசஸ் பட்டியலை சிபியு வாரியாக சார்ட் செய்து, முதல் பத்தை மட்டும் நேரத்தோடு லாக் ஃபைலில் சேர்க்கும். க்ரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் வசதி) போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். அந்த நிம்மதி இரண்டு மாசம்கூட நிலைக்கவில்லை.

ஒருநாள் சைட் பத்து நிமிஷம் தவழ்ந்தது. லாக்கைப் பார்த்தால் டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல் 6.1 சதவீதம். அடுத்த நிமிஷமும் 6.1. கடைசியில் 6.2. ஆனால் அந்த நேரத்தில் அது சிபியுவின் மூன்று கோர்களை முழுதாக விழுங்கிக்கொண்டிருந்தது என்று பிறகு தெரிந்தது. பிஎஸ் காட்டும் சிபியு சதவீதம் "இப்போது" எவ்வளவு என்பதல்ல. ப்ராசஸ் பிறந்ததிலிருந்து தின்ற மொத்த சிபியு நேரத்தை அதன் வயதால் வகுத்த சராசரி. நாற்பது நாள் ஓடிய ப்ராசஸுக்கு வயது 57,600 நிமிஷம். பத்து நிமிஷம் மூன்று கோர் தின்றால் கூடுவது 30 நிமிஷக் கணக்கு. சராசரி 0.05 நகரும், அவ்வளவுதான். 6.1 என்பது 6.2 ஆனதே பெரிய விஷயம். இதற்கு நேர்மாறாக, அப்போதுதான் பிறந்த பிஎஸ்ஸே சில சமயம் பட்டியலின் உச்சியில் நிற்கும். பந்தியில் பரிமாற வந்தவன் முதல் இலையில் உட்கார்ந்த கதை.

அடுத்து டாப்பை பேட்ச் முறையில் (திரைக்குப் பதிலாக ஃபைலுக்கு எழுதும்படி) ஓடவிட்டேன். இதில் ஒரு சுற்று மட்டும் எடுத்தால் மறுபடியும் ஏமாறுவோம்; ஒப்பிட முந்தைய கணக்கு அதனிடம் இருக்காது. இரண்டு சுற்று ஓட்டி, முதலாவதைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டாவதை வைத்துக்கொள்ள வேண்டும். க்ரானில் திரை கிடையாது என்பதால் வரி பாதியில் வெட்டுப்பட்டு, ஐந்து இடத்தில் வெறும் "பைத்தான்" என்று நிற்கும். எந்தப் பைத்தான்? அகலத்தை 512 என்று சொல்லி, முழு கமாண்டையும் காட்டச் சொன்ன பிறகுதான் உபயோகப்பட்டது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குக் கை அரித்தது. லினக்ஸ் தன் உள்விவரங்களைக் காட்டும் ப்ராக் கோப்புறையில் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் இருக்கும் ஸ்டாட் ஃபைலை ஐந்து விநாடி இடைவெளியில் இரண்டு தடவை படித்து, சிபியு நேரத்தைச் சொல்லும் 14, 15-ஆவது எண்களைக் கூட்டிக் கழித்தால் துல்லியமான கணக்கு வரும் அல்லவா? வரும். ஆனால் இரண்டாவது இடத்தில் அடைப்புக்குறிக்குள் ப்ராசஸ் பெயர் இருக்கிறது, அதற்குள் இடைவெளியும் வரலாம். யாரோ டிமக்ஸை (ஒரே டெர்மினலில் பல திரை தரும் ப்ரோகிராம், பெயரில் இடைவெளி உண்டு) திறந்து வைத்துவிட்டுப் போன நாளில் எல்லா எண்களும் ஓரிடம் தள்ளிப்போய், ஒன்றுமே செய்யாத டிமக்ஸின் கணக்கு தாறுமாறாக வந்தது. கடைசி அடைப்புக்குறிக்குப் பின்னாலிருந்து எண்ணினால்தான் சரி.

அதைவிடப் பெரிய கூத்து, ஒரு சின்ன சர்வரில் நிமிஷத்துக்கு ஒருமுறை சிபியு குதித்ததும் பட்டியலில் குற்றவாளியே இல்லாததும்தான். எக்ஸெக்ஸ்னூப் போட்டுப் பார்த்தேன். புதிதாகப் பிறக்கும் ப்ராசஸ்களை ஒவ்வொன்றாகக் காட்டும் கருவி அது. திரை அருவி மாதிரி கொட்டியது: கேட், ஆக், கட், கேட், ஆக், கட். எல்லாம் ஸ்டாட் ஃபைலைப் படித்து வெட்டும் குட்டிக் கமாண்ட்கள், என் ஸ்கிரிப்டின் லூப்புக்குள்ளிருந்து. 400 ப்ராசஸ், ஒவ்வொன்றுக்கும் மூன்று கமாண்ட், இரண்டு சுற்று. நிமிஷத்துக்கு 2,400 குட்டி ப்ராசஸ். ஒவ்வொன்றும் சில மில்லிசெகண்டில் செத்துப்போவதால் என் கணக்கில் அவை விழவே இல்லை. சர்வரை இழுத்துக்கொண்டிருந்தவன் நான்தான்.

அன்றைக்கே அதைத் தூக்கிவிட்டு சிஸ்ஸ்டாட் தொகுப்பில் வரும் பிட்ஸ்டாட்டுக்கு (ப்ராசஸ் வாரியாக சிபியு கணக்கு தரும் கருவி) மாறினேன். ஐந்து விநாடிக்கு ஒரு சாம்பிள், முழு கமாண்ட் வரி, சார்ட், முதல் பதினைந்து. நாலாவது வடிவம் இதுதான். நான் எழுதிய அறுபது வரியின் வேலை அதில் ஐந்து வரியில் முடிந்தது.

சிபியுவை மட்டும் எழுதினால் போதாது என்பதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு காலை லோடு (ஓடும், காத்திருக்கும் ப்ராசஸ்களின் சராசரி எண்ணிக்கை) 38, சிபியு 90 சதவீதம் சும்மா. பட்டியலில் ஒருவரும் வேலை செய்யவில்லை. லினக்ஸ் 1993-லிருந்தே, டிஸ்க் போன்றவற்றுக்காகக் காத்து டி நிலையில் முடங்கிக் கிடக்கும் ப்ராசஸ்களையும் லோடு கணக்கில் சேர்க்கிறது. பார்த்தால் வரிசையாக டிஎஃப், டிஎஃப், டிஎஃப் (டிஸ்க்கில் இடம் எவ்வளவு என்று சொல்லும் கமாண்ட்). பேக்கப் வைக்கும் என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியாக ஃபைல் தரும்) மெஷின் படுத்துவிட்டது. எனக்கு முன்பு இருந்தவர் போட்டுவிட்டுப் போன இட அளவு பார்க்கும் ஸ்கிரிப்ட், நிமிஷத்துக்கு ஒரு டிஎஃப்பை அந்தக் கிணற்றில் தள்ளிக்கொண்டிருந்தது. அந்த மெஷினை எழுப்பியதும் லோடு இறங்கிவிட்டது. அதிலிருந்து டி நிலையில் இருப்பவற்றைத் தனியாக எழுதுகிறேன். ஒரு ஓட்டம் முடியாமல் அடுத்தது தொடங்காதபடி எஃப்லாக் என்ற பூட்டும் போட்டாயிற்று.

இன்னும் சில்லறை விஷயங்கள். லோடு உச்சத்தில் ஸ்கிரிப்டுக்கே சிபியு கிடைக்காமல் சரியாக அந்த நிமிஷங்கள் மட்டும் லாக்கில் காணாமல் போகும்; நைஸ் மதிப்பை (குறைந்தால் முன்னுரிமை கூடும்) மைனஸ் 10-க்கு இறக்கிய பிறகு அது குறைந்தது. முழு கமாண்ட் வரியை எழுதினால் அதில் சிலர் பாஸ்வேர்டும் எழுதியிருப்பார்கள். லாக்கை ரூட் (நிர்வாகி) மட்டும் படிக்கும்படி வையுங்கள். கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) 4.20 அல்லது அதற்கு மேல் என்றால் ப்ராக்கில் இருக்கும் ப்ரெஷர் கோப்புறையில் சிபியு, மெமரி, ஐஓ மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். எதற்காகக் காத்திருந்தோம் என்பதை லோடு சொல்லாது, அது சொல்லும்.

ப்ராசஸ் கணக்கைத் தானே பதிவுசெய்யும் ஏடாப் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். நல்ல கருவி, இடையில் பிறந்து செத்தவற்றைக்கூடப் பிடிக்கும். ஆனால் அதன் வழக்கமான பதிவு இடைவெளி பத்து நிமிஷம், அதைக் குறைக்க வேண்டும். எனக்கு க்ரெப் (தேடும் கமாண்ட்) போட்டால் வரும் சாதா டெக்ஸ்ட்தான் தூக்கக் கலக்கத்தில் கைகொடுக்கிறது. புதிதாகத் தொடங்குபவர் ஏடாப்பையே எடுக்கலாம், தப்பில்லை.

கன்டெய்னர் (ப்ரோகிராமைத் தனி அறைபோல அடைத்து ஓட்டும் முறை) ஓடும் இரண்டு சர்வர்களில் மட்டும் இது இன்னும் அரைகுறை. பதினைந்து வரியில் பன்னிரண்டு "ஜாவா". ப்ராசஸ் எந்தக் குழுவைச் சேர்ந்தது என்று சொல்லும் சிகுரூப் விவரத்தைச் சேர்த்தால் 64 எழுத்தில் கன்டெய்னர் ஐடி கிடைக்கிறது. அதைப் பெயராக மாற்றிக் கேட்கப் போனால், லோடு ஏறிய நேரத்தில் அந்தப் பதிலே வரத் தாமதம். இப்போதைக்கு முதல் 12 எழுத்தை வெட்டி எழுதிவைத்து, காலையில் காபியோடு உட்கார்ந்து கையால் பொருத்திக்கொண்டிருக்கிறேன்.