«எல்லாம் அடங்கலாக» என்று விற்கப்பட்ட மாலைதீவுத் தேனிலவு

ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கிவிட்டன. என்னுடன் படிப்பிக்கும் ஆசிரியைகள் இருவர் எங்கள் மாலைதீவுப் படங்களைப் பார்த்துவிட்டு, யாரிடம் பதிந்தீர்கள், தொலைபேசி இலக்கத்தைத் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். படங்களில் கடல் நீலமாகத்தான் தெரிகிறது. அந்தப் பயணம் எங்களுக்கு எப்படி விற்கப்பட்டது என்பதைச் சொல்லாமல் இலக்கத்தை மட்டும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. முறைப்பாடு இன்னும் முடியாத காரணத்தால் முகவரின் பெயரை இங்கே எழுதவில்லை. அவர் பயன்படுத்திய முறையை எழுதுகிறேன், ஏனென்றால் பெயர் மாறினாலும் அந்த முறை மாறாது என்று நினைக்கிறேன்.

எங்கள் திருமணம் 2025 வைகாசியில் நடந்தது. கனடாவில் இருக்கும் என்னுடைய அண்ணா, நகையாக எதுவும் தராமல், இருவரும் எங்கேயாவது போய்வாருங்கள் என்று நான்கு இலட்சம் ரூபா அனுப்பியிருந்தார். என் கணவர் புங்குடுதீவைச் சேர்ந்தவர். மாலைதீவு என்று சொன்னவுடன் மாமி, «தீவுச் சனத்துக்குத் தீவு காட்ட நாலு லட்சமோ பிள்ளை?» என்று கேட்டுச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். முகநூலில் வந்த விளம்பரத்தில் தண்ணீருக்கு மேல் மரத்தூண்களில் நிற்கும் ஒரு வீடும், அதன் படிகளில் கால் நனைத்தபடி ஒரு சோடியும் இருந்தார்கள். கீழே, «இருவருக்கு 4 இரவு, 5 பகல், யாழ்ப்பாணத்திலிருந்து யாழ்ப்பாணம் வரை, எல்லாம் அடங்கலாக 385,000 ரூபா» என்று எழுதியிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து என்றதும் பலாலி விமான நிலையத்தை நினைத்துக்கொண்டது எங்களுடைய பேதைமை. அங்கிருந்து இந்தியாவுக்கு விமானம் உண்டு, மாலைதீவுக்குக் கட்டுநாயக்காதான். அந்த வரியின் பொருள் இரவுப் பேருந்தில் இரண்டு இருக்கைகள் என்பது பின்னர்தான் விளங்கியது.

முகவரின் அலுவலகம் நகரின் நடுவே ஒரு மாடியில் இருந்தது. குளிரூட்டி, விமானப் பொம்மை, சுவரில் உலகப்படம், எல்லாம் ஒழுங்காக இருந்தன. அவர் என்னைத் தங்கச்சி என்றும் கணவரைத் தம்பி என்றும் அழைத்து, பிளேன்ரீ வரவழைத்து, «ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ தங்கச்சி, நீங்கள் உடுப்பை மட்டும் அடுக்கினால் காணும்» என்றார். முற்பணம் இரண்டு இலட்சத்தை வங்கிக் கணக்கொன்றுக்கு அனுப்பச் சொன்னார். அந்தக் கணக்கு நிறுவனத்தின் பெயரில் இல்லை, ஒரு பெண்ணின் பெயரில் இருந்தது. நான் அதைக் கேட்டபோது, கம்பனிக் கணக்கில் வரிப் பிரச்சினை என்று சொன்னார். மிகுதியைக் கையில் கொடுத்தோம். தந்த பற்றுச்சீட்டு, புத்தகக் கடைகளில் விற்கும் சாதாரணப் பற்றுச்சீட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த தாள்: «மாலைதீவு, 2 பேர், முழுவதும் பெற்றுக்கொண்டேன்», கீழே விளங்காத ஒரு கையெழுத்து. பதிவிலக்கம் இல்லை, முகவரி இல்லை, தீவின் பெயரும் இல்லை.

விபரச்சீட்டு என்று இன்னொரு தாளும் தந்தார். அதில் மாலைதீவு வீசாவுக்கு ஒருவருக்கு 12,000 ரூபாவும், நுழைவுப் படிவத்துக்கு ஒருவருக்கு 3,000 ரூபாவும் போடப்பட்டிருந்தன. இதை வாசிப்பவர்கள் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவருக்கு மாலைதீவில் இறங்கியதும் 30 நாள் வீசா இலவசமாகவே கிடைக்கும். இமுகா என்று அழைக்கப்படும் பயணிகள் அறிவிப்புப் படிவத்தைப் பயணத்துக்கு முந்திய 96 மணித்தியாலத்துக்குள் மாலைதீவுக் குடிவரவுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் நாமே நிரப்பலாம்; அதற்கும் கட்டணம் கிடையாது. இல்லாத இரண்டு கட்டணங்களுக்காக நாங்கள் 30,000 ரூபா கொடுத்திருக்கிறோம்.

யூன் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் எங்கள் விமானம். முதல் நாள் இரவு பேருந்தில் கொழும்புக்குப் போய், வெள்ளவத்தையில் சித்தி வீட்டில் குளித்துச் சாப்பிட்டு, சித்தியின் மகனுடைய காரில் கட்டுநாயக்காவுக்குப் போனோம். தம்பி மாலேயில் இரண்டு வருடம் கடையொன்றில் வேலை செய்தவன். வழியில் அவன் பொதிக்குள் என்னென்ன இருக்கிறது என்று கேட்டபோது, அம்மா புடைவைகளுக்கிடையில் செருகிவிட்ட ஒரு சிறிய வெண்கலப் பிள்ளையாரைப் பற்றிச் சொன்னேன். அவன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டான். மதுவும் பன்றி இறைச்சியும் போலவே வழிபாட்டுக்குரிய உருவங்களையும் மாலைதீவுக்குள் கொண்டுபோக முடியாது, சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள் என்றான். யாழ்ப்பாணத்துச் சனத்தை வருடக்கணக்காக அந்த நாட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லும் ஒருவர், இந்த ஒரு வரியை எங்களுக்குச் சொல்லியிருக்கலாம். பிள்ளையாரைத் தம்பியிடமே கொடுத்துவிட்டோம்.

அவன் எங்களை இறக்கிவிட்டு உடனே போகாமல் நின்றது எங்கள் நல்ல காலம். விமான நிறுவனத்தின் முகப்பில் இருந்த பெண் கடவுச்சீட்டுகளை வாங்கி, கணினியில் நெடுநேரம் பார்த்து, திரும்பி வரும் சீட்டு எங்கே என்று கேட்டார். முகவர் தந்த தாளைக் காட்டினேன். அதில் போவதும் வருவதும் ஒரே பெட்டிக்குள், ஒரே எழுத்தில், அழகாக அச்சிடப்பட்டிருந்தன. அந்தப் பெண் பேனையால் இரண்டு இடங்களில் வட்டமிட்டார். போகும் பயணத்துக்குப் பக்கத்தில் 13 இலக்கங்கள் கொண்ட நீண்ட எண் இருந்தது. வரும் பயணத்துக்குப் பக்கத்தில் எழுத்தும் இலக்கமும் கலந்த ஆறு குறிகள் மாத்திரமே இருந்தன. அது முன்பதிவு, பணம் கட்டப்படாமல் காலாவதியாகிவிட்டது, சீட்டு வழங்கப்படவே இல்லை என்று அவர் பொறுமையாக விளக்கினார். மாலைதீவுக்குள் நுழையத் திரும்பும் சீட்டு வேண்டும்; அது இல்லாமல் ஏற்ற முடியாது.

பயணம் போகும் எவரும் அறிந்திருக்க வேண்டிய வேறுபாடு இது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். பி.என்.ஆர் எனப்படும் ஆறு குறிகள், உங்கள் பெயரில் ஓர் இருக்கை தற்காலிகமாகப் பிடித்துவைக்கப்பட்டிருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். முகவர்கள் பணம் கட்டாமலேயே அதை எடுத்து அச்சிட்டுத் தரலாம், குறித்த காலத்துக்குள் பணம் கட்டாவிட்டால் அது தானாகவே அழிந்துவிடும். பணம் கட்டிச் சீட்டு வழங்கப்பட்டதற்கு அடையாளம் அந்த 13 இலக்க எண்தான். அதன் முதல் மூன்று இலக்கங்கள் விமான நிறுவனத்தைக் குறிக்கும். உதாரணமாக ஶ்ரீலங்கன் விமானச் சீட்டுகள் 603 என்று தொடங்கும். முகவர் தாளைத் தந்த அன்றே, போவதற்கும் வருவதற்கும் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, விமான நிறுவனத்துக்கு நேரடியாக ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்தால் ஐந்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். நாங்கள் எட்டு வாரமாக அந்தத் தாளைப் பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டு அலுமாரியில் பத்திரமாக வைத்திருந்தோம்.

முகவருக்கு அழைப்பு எடுத்தேன். «பிள்ளை, கவலைப்படாதேங்கோ, நீங்கள் அங்கை போய் இறங்க முன்னம் ரிக்கற்றை அனுப்பிவிடுவன்» என்றார். இறங்குவது இருக்கட்டும், ஏறவே விடமாட்டார்கள் என்றேன். இரண்டு நிமிடத்தில் திரும்ப எடுப்பதாகச் சொன்னார்; அதன்பின் அவருடைய தொலைபேசி அணைக்கப்பட்டிருந்தது. முகப்பு மூடுவதற்கு முக்கால் மணித்தியாலம்கூட இல்லாத நிலையில், தம்பி தன்னுடைய கடனட்டையில் இருவருக்கும் திரும்பும் சீட்டு எடுத்துத் தந்தான். 78,000 ரூபா. கணவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர் பேசியிருந்தால் நான் அழுதிருப்பேன்.

விமானம் ஒன்றரை மணித்தியாலத்தில் மாலே போய்விட்டது. எங்கள் பெயர்ப்பலகையுடன் நிற்பார் என்று சொல்லப்பட்ட ஆள் அங்கே இல்லை. கணவர் தாளில் இருந்த விடுதிக்கு அழைத்தார். விடுதி மாஃபுஷி என்ற தீவில் இருப்பதாகவும், எங்களை ஏற்றிவர எவரும் சொல்லவில்லை என்றும், அரசாங்கத்தின் மலிவான படகு வெள்ளிக்கிழமை விடுமுறையில் ஓடாது என்றும், விரைவுப் படகில் வரும்படியும் சொன்னார்கள். ஒருவருக்கு 25 டொலர் வீதம் கொடுத்துப் போனோம்.

மாஃபுஷி நல்ல இடம், அதன் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அது ரிசோர்ட் அன்று, மக்கள் வாழும் ஊர். மாலைதீவில் தங்குமிடங்கள் இரண்டு விதம். ஒரு முழுத் தீவும் ஒரே விடுதியாக இருப்பது ரிசோர்ட். விளம்பரங்களில் வரும் தண்ணீர்மேல் வீடுகள் அங்கேதான் இருக்கின்றன, ஓரிரவுக்கே பல நூறு டொலர் ஆகும், கடல் விமானத்தில் போகவேண்டிய தூரமானால் அதற்கும் தனியாக ஒரு பெருந்தொகை வேண்டும். மற்றது, 2009 க்குப் பின்னர் மக்கள் வாழும் தீவுகளில் அனுமதிக்கப்பட்ட சிறு விருந்தினர் விடுதிகள். எங்களைப் போன்றவர்களின் காசுக்கு மாலைதீவை எட்டச் செய்தவை இவைதான். பள்ளிவாசல், பாடசாலை, கடை என்று ஊர் நடந்துகொண்டிருக்கும், மது கிடையாது, குளியல் உடையில் திரிய ஒதுக்கப்பட்ட கடற்கரை தனியாக இருக்கும். முகவர் எங்களுக்கு வாக்களித்தவற்றில், கடற்கரையில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வைனுடன் ஓர் இராச்சாப்பாடும் இருந்தது. மதுவே தடைசெய்யப்பட்ட ஊரில் அதை அவர் எங்கிருந்து தரப்போகிறார் என்று விடுதிப் பொறுப்பாளரிடம் கேட்டேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

எங்கள் அறையின் யன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவரும் அதில் பொருத்திய குளிரூட்டிப் பெட்டியும் தெரிந்தன. கடல், தெருவால் நாலைந்து நிமிடம் நடந்தால் வரும். பொறுப்பாளர் எங்கள் பதிவைக் கணினியில் திறந்து காட்டினார்: இருவர் அறை, காலைச் சாப்பாடு மாத்திரம், சேவைக் கட்டணமும் சுற்றுலா வரியும் சேர்த்து ஓரிரவுக்கு 55 டொலர், நாலு இரவுக்கு 220. மூன்று வேளைச் சாப்பாடு, படகு, தேனிலவு அலங்காரம் எதைப் பற்றியும் அதில் ஒரு சொல் இல்லை. பசுமை வரி தனி என்றார். 2025 சனவரி முதல் 50 அறைக்கு மேற்படாத விருந்தினர் விடுதிகளில் அது ஆளுக்கு ஓரிரவு 6 டொலர், ரிசோர்ட்டுகளில் 12. இருவருக்கும் நாலு இரவுக்கும் 48 டொலர் கட்டினோம். காலையில் தந்த மாஸ் ஹுனி, சூரை மீனும் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் தேசிக்காய்ப்புளியும் பிசைந்தது, எங்கள் மாசிச் சம்பலின் தங்கச்சிதான். அதை மட்டும் நான்கு நாளும் குறையில்லாமல் சாப்பிட்டோம்.

காலநிலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. யூன் நல்ல சீசன் என்று முகவர் சொன்னதை நாங்கள் நம்பியதற்குக் காரணம் இருக்கிறது. நமக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை; தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம் நமது ஊரில் காற்றாக மட்டும் வந்து புழுதியைக் கிளப்பிவிட்டுப் போகும். அதே சோளகம்தான் வைகாசி முதல் ஐப்பசி வரை மாலைதீவுக்கு மழையையும் கொந்தளிப்பையும் கொண்டுபோகிறது. அங்கே வெயில் நிலைத்து நிற்கும் காலம் மார்கழியிலிருந்து சித்திரை வரை. மழைக்காலத்தில் போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை, அப்போது விடுதி வாடகை குறைவு. அந்தக் குறைவு எங்களுக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். இரண்டு நாள் மழை. மணல்திட்டுக்குப் போகும் படகு ஓடவில்லை.

வீட்டுக்கு வந்த பின் கணக்குப் பார்த்தோம். போகும் சீட்டு ஒன்று 36,000 ரூபா என்று விமான நிறுவனத்திடமிருந்து அறிந்தோம், இரண்டுக்கும் 72,000. அறைக்கு அன்றைய மாற்று வீதத்தில் ஏறத்தாழ 66,000. பேருந்துச் சீட்டுகளைத் தவிர்த்தால் முகவர் எங்களுக்காகச் செலவழித்தது 138,000 ரூபா. மிகுதி 247,000 அவரிடம் நின்றுவிட்டது. அதற்கு மேல் சீட்டு, படகு, வரி என்று எங்கள் கையிலிருந்து போனது 107,000 ரூபா. நாங்களே விமான நிறுவனத்திலும் விடுதியிலும் நேரடியாகப் பதிந்திருந்தால், இதே பயணத்தைச் சாப்பாட்டுடன் மூன்று இலட்சத்துக்குள் முடித்திருக்கலாம், அண்ணா தந்ததில் மீதியும் இருந்திருக்கும்.

அலுவலகத்துக்குப் போனபோது முகவர், «சிஸ்டத்திலை வந்த பிழை தங்கச்சி, நான் என்ன செய்ய?» என்றார். மூன்று வாரம் கேட்டு அலைந்தோம். பிறகு என் வட்ஸ்அப் இலக்கத்தை முடக்கிவிட்டார். பயண முகவர்கள் இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிந்து அனுமதிப்பத்திரம் பெற்றிருக்கவேண்டும். பதிந்தவர்களின் பட்டியலை அதன் இணையத்தளத்தில் பார்க்கலாம். அதில் இவருடைய நிறுவனத்தைத் தேடினோம், இல்லை. பணம் கட்டுமுன் தேடியிருக்க வேண்டும் என்று மாமி இப்போதும் சொல்வார், அதற்கு என்னிடம் பதில் இல்லை. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து, அவர்கள் சொன்னபடி பற்றுச்சீட்டு, வங்கிப் பரிமாற்றப் பிரதி, வட்ஸ்அப் உரையாடல்கள், விமான நிலையத்தில் வட்டமிட்ட அந்தத் தாள் எல்லாவற்றையும் இணைத்து எழுத்தில் முறைப்பாடு கொடுத்தோம். முறைப்பாடு போனது தெரிந்ததும் முகவர் தானாகவே ஆளனுப்பி 50,000 ரூபா கொடுத்தார். மிகுதிக்கு ஒரு காசோலை தருவதாகச் சொல்லியிருக்கிறார், அது இன்னும் வரவில்லை.

நேற்று முகநூலைத் திறந்தபோது அவருடைய விளம்பரம் ஆவணிக்காக மறுபடியும் ஓடிக்கொண்டிருந்தது. அதே தண்ணீர்மேல் வீடு, கால் நனைக்கும் அதே சோடி. விலையில் மட்டும் 15,000 ரூபா கூட்டியிருக்கிறார்.