லிப்ரே ஆஃபீஸ் ரைட்டரின் பொருளடக்கக் கருவி: ஆய்வேட்டுக்குத் தாங்குமா?

இருநூறு பக்க ஆய்வேட்டுக்குப் பொருளடக்கத்தைக் கையாலேயே அடித்து, தலைப்புக்கும் பக்க எண்ணுக்கும் நடுவில் முற்றுப்புள்ளியை அழுத்திக்கொண்டே போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நெறியாளர் மூன்றாம் இயலில் இரண்டு பத்தி சேர்க்கச் சொன்னால் போதும், அதற்குக் கீழே உள்ள எண்கள் அத்தனையும் தப்பு. இந்தத் தலைவலியைத் தீர்க்க வேர்டு வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆஃபீஸ் ரைட்டர் இதைச் செய்கிறது, சில இடங்களில் வேர்டைவிட நன்றாகவே செய்கிறது. ஆனால் அதன் அமைப்புப் பெட்டியைத் திறந்தால் முதல் ஐந்து நிமிடம் தலை சுற்றும். அதையும் சொல்லிவிட வேண்டும்.

கருவியைத் தொடும் முன் முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் அது தலைப்பாகிவிடாது. கண்ணுக்குத் தலைப்பு, ரைட்டருக்கு அதுவும் சாதாரணப் பத்திதான். தலைப்பு வரியில் கர்சரை வைத்து கன்ட்ரோல் + 1 அழுத்தினால் ஹெடிங் 1 என்ற ஸ்டைல் (பெயரிட்ட வடிவமைப்பு), கன்ட்ரோல் + 2 அழுத்தினால் ஹெடிங் 2. தவறுதலாக அழுத்திவிட்டால் கன்ட்ரோல் + 0 சாதாரணப் பத்திக்குத் திருப்பிவிடும். இயல் தலைப்புகளுக்கு 1, உள்தலைப்புகளுக்கு 2, அதற்கும் உள்ளே போனால் 3. எஃப்5 அழுத்தித் திறக்கும் நேவிகேட்டரில் ஹெடிங்ஸ் என்ற கிளையை விரித்துப் பாருங்கள். அங்கே தெரிவதுதான் பொருளடக்கத்தில் வரும். ஒரு முழுப் பத்தியே அங்கே நீளமாகக் கிடந்தால், அந்தப் பத்திக்கு எப்போதோ தலைப்பு ஸ்டைல் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று பொருள்.

எண்களையும் கையால் அடிக்காதீர்கள். டூல்ஸ் மெனுவில் ஹெடிங் நம்பரிங் இருக்கிறது (பழைய பதிப்புகளில் சாப்டர் நம்பரிங்). முதல் மட்டத்துக்கு எண்ணின் முன்னால் வரும் பெட்டியில் 'இயல்' என்று ஓர் இடைவெளியோடு தட்டச்சு செய்யலாம். இரண்டாம் மட்டத்துக்கு ஷோ சப்லெவல்ஸ் என்பதை 2 ஆக்கினால் 3.1, 3.2 என்று தானாக வரும். நேவிகேட்டரில் நான்காம் இயலை இழுத்து இரண்டாம் இயலுக்கு மேலே போட்டால் உள்ளே இருக்கும் பத்திகளும் சேர்ந்து நகரும், எண்கள் தாமே மாறும். கையால் அடித்த 4.1 மட்டும் போன இடத்திலும் 4.1 ஆகவே நிற்கும்.

இனிக் கருவி. பொருளடக்கம் வர வேண்டிய இடத்தில் கர்சரை வைத்து இன்செர்ட், அதில் டேபிள் ஆஃப் கன்டென்ட்ஸ் அண்ட் இண்டெக்ஸ், அதில் முதல் வரி. திறக்கும் பெட்டியில் ஐந்து தாவல்கள் இருக்கின்றன. வேலை நடப்பது முதல் மூன்றில்தான். டைப் தாவலில் டைட்டில் என்ற இடத்தில் 'பொருளடக்கம்' என்று தமிழில் மாற்றுங்கள். ஆவணத்தில் நேரடியாக மாற்றினால், பொருளடக்கத்தை அடுத்த முறை புதுப்பிக்கும்போது (அப்டேட்) போய்விடும். எவேலுவேட் அப் டு லெவல் என்பது 10 என்று நிற்கும், அதை 2 அல்லது 3 ஆக்குங்கள். பத்து மட்டம் எந்த ஆய்வேட்டுக்கும் தேவைப்படாது. அதே இடத்தில் 'ஃபார்' என்பதை முழு ஆவணத்திலிருந்து சாப்டருக்கு மாற்றினால் அந்த இயலுக்கு மட்டுமான சிறு பொருளடக்கம் கிடைக்கும். பாடநூல் தயாரிப்பவர்களுக்கு இது ஒன்றே போதும் ரைட்டரைத் தேர்ந்தெடுக்க. வேர்டில் இதற்கு புக்மார்க் வைத்து ஃபீல்டு குறியீட்டைத் திருத்த வேண்டும்.

தலை சுற்றுவது என்ட்ரீஸ் தாவலில். ஸ்ட்ரக்சர் என்ற வரியில் எல்எஸ், ஈ#, ஈ, டி, #, எல்ஈ என்று பொத்தான்கள் கோர்த்துக் கிடக்கும், விளக்கம் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஈ# என்பது தலைப்பின் எண், ஈ தலைப்பு, டி தாவல் இடைவெளி, கடைசி # பக்க எண். எல்எஸ், எல்ஈ இரண்டும் இணைப்பு தொடங்கும் இடமும் முடியும் இடமும். பொத்தான்களுக்கு நடுவே தெரியும் வெள்ளைப் பெட்டிகளில் நாமே எழுதலாம். '3.2உப்பளத் தொழில்' என்று எண்ணும் தலைப்பும் ஒட்டிக்கொண்டு வந்தால், ஈ#-க்கும் ஈ-க்கும் நடுவே உள்ள பெட்டியில் கிளிக் செய்து ஸ்பேஸ் பார் ஒரு தட்டு. டி பொத்தானைத் தேர்ந்தெடுத்தால் புள்ளிக்கோட்டுக்கான நிரப்பெழுத்தும், அலைன் ரைட் என்ற தேர்வும் கீழே வரும். இந்த மாற்றங்கள் அந்த ஒரு மட்டத்துக்கு மட்டுமே. வலப்பக்கம் 'ஆல்' என்ற பொத்தானை அழுத்தினால்தான் எல்லா மட்டத்துக்கும் போகும். இதைத் தவறவிட்டுவிட்டு இரண்டாம் மட்டம் மட்டும் ஏன் கோணலாக நிற்கிறது என்று தேடுவோர் பலர்.

தமிழில் எழுதுபவர்களுக்கான சிக்கல் வேறு. ரைட்டர் தமிழை 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட்' (சிக்கலான எழுத்துமுறை) என்று தனியாக வைத்திருக்கிறது. ஒவ்வொரு ஸ்டைலிலும் ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துரு, தமிழுக்கு ஓர் எழுத்துரு, அளவும் தடிமனும்கூடத் தனித்தனி. பொருளடக்க வரிகளை ஆள்பவை கன்டென்ட்ஸ் 1, கன்டென்ட்ஸ் 2 என்ற ஸ்டைல்கள். எஃப்11 அழுத்தி கன்டென்ட்ஸ் 1-ஐத் திருத்தப் போய், ஆங்கிலப் பகுதியில் மட்டும் 12 என்று மாற்றிவிட்டு வந்தால் தமிழ் எழுத்து அசையாது. 'யூனிகோட் குறியாக்கமும் ஐஎஸ்ஓ தரமும்' என்ற தலைப்பில் ஆங்கிலச் சொற்களை ஆங்கில எழுத்திலேயே வைத்திருந்தால், அவை ஓர் அளவிலும் தமிழ் வேறோர் அளவிலும் வரும். டூல்ஸ், ஆப்ஷன்ஸில் மொழி அமைப்புக்குள் போய் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டை இயக்கி, தமிழைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு ஸ்டைலில் இரண்டு பகுதியையும் திருத்துவதுதான் சரியான வரிசை. பொருளடக்க வரியை நேராகத் தேர்ந்தெடுத்து எழுத்துருவை மாற்றுவது வீண் வேலை, அப்டேட் செய்ததும் காணாமல் போகும்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பு என்றால் கதையே வேறு. உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான், எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் மாட்டிவிட்டிருக்கிறது. தலைப்பில் தமிழாகத் தெரிவது பொருளடக்கத்தில் பொருளற்ற ஆங்கிலக் குப்பையாக இறங்கும், ஏனெனில் கன்டென்ட்ஸ் ஸ்டைலில் பாமினி இல்லை. அந்த ஸ்டைலுக்கும் பாமினியைப் போட்டுத் தாளில் சமாளித்துவிடலாம். பிடிஎஃப்பின் பக்கவாட்டில் வரும் தலைப்புப் பட்டியலில் சமாளிக்க முடியாது, அங்கே நம் எழுத்துரு செல்லாது. முழுக் கோப்பையும் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குவதே குறுக்குவழி.

முன்னுரை, அணிந்துரைக்கு ரோமன் எண்ணும் முதல் இயலிலிருந்து 1, 2, 3-உம் வேண்டுமென்றால் பக்க ஸ்டைல் இரண்டு தேவை. முன்பக்கங்களுக்கான ஸ்டைலில் எண் வடிவத்தை ரோமனாக வையுங்கள். முதல் இயலின் தலைப்பில் நின்று பாராகிராஃப், டெக்ஸ்ட் ஃப்ளோ, பிரேக்ஸ் என்று போய் இன்செர்ட் தேர்ந்தெடுத்து, தலைப்புக்கு முன் பக்க முறிவு, அதற்கான பக்க ஸ்டைல், பக்க எண் 1 என்று கொடுங்கள். பொருளடக்கம் இரு வகை எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ளும். இரண்டு இடத்தில் இடறும். ஒற்றைப்படை எண் எப்போதும் வலப்பக்கம்தான் என்பதில் ரைட்டர் பிடிவாதமானது. முன்பகுதி ஐந்தாம் பக்கத்தில் முடிந்து அடுத்தது 1 என்றால், நடுவே ஒரு வெற்றுப் பக்கத்தைச் சொருகும். திரையில் அது தெரியாது, அச்சில் வந்து நிற்கும். வேண்டாமென்றால் அச்சிடும்போதும் பிடிஎஃப் எடுக்கும்போதும் தானாகச் சேர்ந்த வெற்றுப் பக்கங்களுக்கான தேர்வை நீக்குங்கள். இரண்டாவது, 'பக்க எண் 1' என்ற அந்தக் கட்டளை தலைப்புப் பத்தியோடு ஒட்டியது. முதல் இயலைப் பின்னால் நகர்த்தினால் கட்டளையும் கூடவே போகும், நட்டநடுவில் எண்ணிக்கை மறுபடி 1-இல் தொடங்கும். பொருளடக்கத்தில் எண் ஏறிக்கொண்டே வந்து திடீரென்று 1-க்கு விழுந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

அப்டேட் தானாக நடக்காது. பொருளடக்கத்தின் மேல் வலக் கிளிக் செய்து அப்டேட் இண்டெக்ஸ் அழுத்த வேண்டும், அல்லது டூல்ஸ், அப்டேட், அப்டேட் ஆல். முதன்முறை உருவாக்கும்போது இரண்டு தடவை அழுத்துங்கள். பொருளடக்கமே ஒரு பக்கத்திலிருந்து இரண்டு பக்கமாக வளர்ந்துவிட்டால், அதற்குப் பின்னால் உள்ள எல்லாம் ஒரு பக்கம் தள்ளிப்போயிருக்கும், முதல் அப்டேட்டில் எடுத்த எண்கள் அதற்கு முந்தையவையாக இருக்கக்கூடும். 'கையால் மாற்ற முடியாதபடி பாதுகாப்பு' என்ற தேர்வை எடுத்துவிட்டு உள்ளே திருத்துவோரும் உண்டு. அடுத்த அப்டேட் அத்தனையையும் அழித்துவிடும். நீண்ட தலைப்பை என்டர் தட்டி இரண்டு பத்தியாக உடைத்தால் பொருளடக்கத்தில் இரண்டு தலைப்பாக வரும். ஒரே பத்தியாக விட்டு, வலப்புற உள்தள்ளலைக் கூட்டினால் வரி தானே மடங்கும்.

வேர்டோடு ஒப்பிட்டால் தொடக்கம் அங்கே எளிது. ரெஃபரன்சஸ், டேபிள் ஆஃப் கன்டென்ட்ஸ், ஒரு கிளிக், மூன்று மட்டத்தோடு தயார். எஃப்9 அழுத்தினால் இரண்டு தேர்வு வரும். பக்க எண் மட்டும் என்பதை எடுத்தால் புதிதாகச் சேர்த்த உள்தலைப்பு வராது, முழு அட்டவணை என்பதைத்தான் எடுக்க வேண்டும். அந்த மெனுவில் மேனுவல் டேபிள் என்று ஒன்று இருக்கிறது, பார்க்க அழகாக இருக்கும், எதையும் தானாக நிரப்பாது. ஒப்படைக்கும் அவசரத்தில் அதை அழுத்தாதீர்கள். ஒவ்வொரு மட்டத்தின் கோர்வையையும் ரைட்டரில் போல வேர்டில் பிரித்து அடுக்க முடியாது. கூகுள் டாக்ஸ் பத்து, இருபது பக்க அறிக்கைக்குப் போதும், அங்கும் புதுப்பிக்கும் பொத்தானை நாம்தான் அழுத்த வேண்டும்.

ரைட்டரின் பெரிய குறை கோப்புப் பரிமாற்றம். வேர்டின் டாக்எக்ஸ் (.docx) வடிவத்தில் சேமித்து நெறியாளருக்கு அனுப்பினால், அவர் வேர்டில் அப்டேட் அழுத்தியதும் நாம் ஸ்ட்ரக்சர் வரியில் செய்த நுணுக்கங்கள் வேர்டின் வழக்கத்துக்குத் திரும்பிவிடலாம். ஆகவே ரைட்டரின் சொந்த வடிவமான ஓடிடி (.odt) கோப்பைத் தாய்ப்படியாக வைத்துக்கொண்டு, திருத்தத்துக்கு மட்டும் டாக்எக்ஸ் அனுப்பி, வந்த மாற்றங்களை ஓடிடியில் ஏற்றுங்கள். இறுதிப்படியைப் பிடிஎஃப்பாகவே கொடுங்கள். எக்ஸ்போர்ட் பெட்டியில் அவுட்லைன்ஸ் (பழைய பதிப்பில் புக்மார்க்ஸ்) என்பதில் குறியிட்டால், பொருளடக்க வரிகளோடு பிடிஎஃப்பின் பக்கவாட்டுப் பட்டியலிலும் இயல்கள் வரிசையாக வந்துவிடும், தேர்வாளர் நேராக ஐந்தாம் இயலுக்குத் தாவலாம்.