ஜெய்ப்பூரா, லாஸ்ட் சிட்டீஸா? பாம்பன் திண்ணையில் ஆடிப் பார்த்த கணக்கு

ஏப்ரல் 15-இல் தடைக்காலம் தொடங்கினால் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. பகலில் மராமத்து, பெயின்ட், வலை என்று வேலை இருக்கத்தான் செய்யும், சாயங்காலம்தான் பொழுது போகாது. வழக்கமாக நானும் மச்சானும் ரம்மி போடுவோம். இந்த முறை இரண்டே பேர் ஆடுகிற சீட்டாட்டப் பெட்டிகள் இரண்டை வைத்துக்கொண்டு மாறி மாறி ஆடினோம். ஒன்று ஜெய்ப்பூர், இன்னொன்று லாஸ்ட் சிட்டீஸ். "ஒண்ணுதான் வாங்க முடியும், எதை வாங்க?" என்று மூன்று நான்கு பேர் கேட்டுவிட்டார்கள், அதனால் இது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஜெய்ப்பூர் கட்சி. மச்சான் லாஸ்ட் சிட்டீஸ் கட்சி. அதனால் தராசு கொஞ்சம் என் பக்கம் சாயும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெய்ப்பூர் 2009-இல் வந்தது, செய்தவர் செபாஸ்டியன் போஷோன் என்கிற சுவிஸ்காரர். நீங்களும் எதிராளியும் ஜெய்ப்பூர் வியாபாரிகள். மொத்தம் 55 சீட்டு: வைரம், தங்கம், வெள்ளி தலா 6, துணியும் மசாலாவும் தலா 8, தோல் 10, மிச்சம் 11 ஒட்டகம். நடுவில் எப்போதும் ஐந்து சீட்டு திறந்து கிடக்கும், அதுதான் சந்தை. உங்கள் முறை வந்தால் சீட்டு எடுக்கலாம், இல்லை விற்கலாம், இரண்டும் சேர்த்துச் செய்ய முடியாது. எடுப்பதென்றால் ஒரு சரக்கு எடுக்கலாம், அல்லது கையிலிருக்கும் சரக்கையோ ஒட்டகத்தையோ கொடுத்து இரண்டோ அதற்கு மேலோ மாற்றலாம், அல்லது சந்தையில் நிற்கிற ஒட்டகம் அத்தனையையும் ஓட்டிக்கொண்டு வரலாம். கையில் ஏழு சீட்டுக்கு மேல் வைக்கக் கூடாது. ஒட்டகம் இந்தக் கணக்கில் வராது, அது முன்னால் தனியாக நிற்கும்.

விற்கும் இடத்தில்தான் எங்கள் அத்தை உள்ளே வருகிறார். கருவாட்டு வாடியில் முப்பது வருஷம் கணக்குப் பார்த்தவர். ஒரு நாள் மச்சான் வரவில்லை, "என்னடா அது, நான் ஒரு கை போடுறேன்" என்று உட்கார்ந்தார். சீட்டில் வாசிக்க எழுத்தே இல்லை, படம் மட்டும்தான், அதனால் பத்து நிமிஷத்தில் பிடித்துக்கொண்டார். மூன்றாவது ஆட்டத்திலிருந்து என்னால் அவரை ஜெயிக்க முடியவில்லை.

ஏன் என்று பார்க்க ஒரே ஒரு கட்டம் போதும். விற்கிற ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு டோக்கன் கிடைக்கும், அதில் போட்டிருக்கும் எண்தான் ரூபாய். தோலுக்கு டோக்கன் 4, 3, 2, அப்புறம் எல்லாமே 1. முதலில் விற்பவருக்கு மேலே உள்ள நல்ல டோக்கன், பின்னால் வருபவருக்கு மிச்சம். ஒரே தடவையில் மூன்று விற்றால் 1 முதல் 3 வரை போனஸ், நான்கு என்றால் 4 முதல் 6, ஐந்து என்றால் 8 முதல் 10. என் கையில் தோல் நான்கு இருந்தது, சந்தையில் ஐந்தாவது கிடந்தது. எடுத்துவிட்டேன். அடுத்த முறை ஐந்தையும் தள்ளினால் 4+3+2+1+1, ஆக 11, மேலே போனஸ். அத்தை என் முகத்தைப் பார்த்தார், தன் கையிலிருந்து ஒரே ஒரு தோலை எடுத்துப் போட்டார், 4-ஐ எடுத்துக்கொண்டார். என் ஐந்தின் மதிப்பு அந்த நொடியே 8 ஆகிவிட்டது. அவருக்கு நான்கு கூட, எனக்கு மூன்று குறைவு, ஒரு சீட்டில் ஏழு ரூபாய் வித்தியாசம். "முதக்கூடைக்குத்தானப்பா விலை, நாலு படகு வந்துட்டா எவன் கேப்பான்?" என்றார். ஏலத்தில் நின்றவருக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லித்தரத் தேவையில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

ஒட்டகம் இதைவிடப் பொல்லாதது. சந்தையில் நான்கு ஒட்டகம் நிற்கிறது, ஆசையாக ஓட்டிக்கொண்டு வந்தால் அந்த நான்கு இடத்திலும் புதுச் சீட்டு திறக்கும், அதில் இரண்டு வைரமாக இருந்தால் எதிராளிக்கு நீங்களே வாழை இலை போட்டு விருந்து வைத்த மாதிரி. அதற்காக எடுக்காமலே இருந்தால் மொத்தமாக மாற்றும் நேரத்தில் கொடுக்க ஒன்றும் இருக்காது. அதிக ஒட்டகம் வைத்திருப்பவருக்குக் கடைசியில் 5 ரூபாய் உண்டு, ஆனால் அந்த ஐந்துக்காக மட்டும் மந்தை சேர்ப்பது வீண் வேலை. மூன்று வகை டோக்கன் தீர்ந்தாலோ கட்டு தீர்ந்தாலோ சுற்று முடியும். மூன்றில் இரண்டு சுற்று ஜெயித்தவருக்கு ஆட்டம். அரை மணி நேரம் போதும்.

லாஸ்ட் சிட்டீஸ் வேறு மாதிரி. 1999-இல் ஜெர்மானியர் ரைனர் கினீசியா செய்தது. ஐந்து நிறம், ஒவ்வொன்றிலும் 2 முதல் 10 வரை எண்ணும் கைகுலுக்கல் சீட்டு மூன்றும், ஆக 60 சீட்டு. பயணம், புதையல் என்று படம் போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது முதலீட்டுக் கணக்கு. ஒரு நிறத்தைத் தொட்டாலே 20 கடன். எண்கள் ஏறுமுகமாகத்தான் வைக்க வேண்டும், 6 வைத்த பிறகு 4 வந்தால் அது வீண்தான். கைகுலுக்கலை எண்களுக்கு முன்னாலேயே போட வேண்டும், ஒன்று போட்டால் கணக்கு இரண்டு மடங்கு, இரண்டு போட்டால் மூன்று, மூன்றும் போட்டால் நான்கு. நட்டத்துக்கும் அதே மடங்கு! மச்சான் ஒரு தடவை மஞ்சளில் இரண்டு கைகுலுக்கல் போட்டுவிட்டு 4, 7 இரண்டோடு நின்றுபோனார். 11-இல் 20 போக மைனஸ் 9, மூன்று மடங்கில் மைனஸ் 27. வட்டிக்கு வாங்கிப் படகு கட்டியவன் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அந்த வலிதான் அவருக்குப் பிடித்திருக்கிறது. "உன் ஆட்டத்துல தோத்தாலும் கையில ஏதோ ரூபா மிஞ்சுது மாப்ள, இதுல தொட்டா கடன்" என்பார். வேண்டாத சீட்டைக் கீழே போட்டால் எதிராளி எடுத்துக்கொள்வார் என்ற பயத்தில் கை முழுக்கப் பூட்டிக்கொண்டு தவிப்பது நல்ல தவிப்புதான், ஒப்புக்கொள்கிறேன். எனக்குள்ள குறை வேறு: எதிராளியோடு பேரம் இல்லை, அவரவர் வரிசையை அவரவர் பார்ப்பதே பாதி நேரம். மூன்று சுற்றையும் கூட்டிக் கணக்குப் போட பேனா, காகிதம் தேட வேண்டும், மடங்கு வைத்துக் கூட்டுவதில் சண்டை வேறு.

சரக்கு வியாபாரம்தான் வேண்டும், ஆனால் இன்னும் கனமாக என்றால் தார்கி என்று 2012-இல் வந்த ஒன்று உண்டு. பேரீச்சை, உப்பு, மிளகு சேர்ப்பது. அருமையான ஆட்டம், ஆனால் 25 சீட்டை ஐந்துக்கு ஐந்தாகப் பரப்ப இடம் வேண்டும், ஒரு மணி நேரம் பிடிக்கும். திண்ணைக்கு ஆகாது. ரம்மியைப் பற்றி என்ன சொல்ல, கட்டு எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும், எல்லாருக்கும் தெரியும். எங்கள் வீட்டில் அது எப்போதும் காசில்தான் போய் நின்றது, அக்கா திண்ணைக்கு வந்து விளக்கை அணைத்ததும் அதனால்தான்.

கடற்கரைக்காரர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். மே கடைசியில் காற்று கிளம்பிவிட்டால் வெளியே உட்கார்ந்து ஜெய்ப்பூர் ஆடுவது பெரும்பாடு. சந்தைச் சீட்டு ஐந்தும் பறக்கும், நாங்கள் ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிப்பி வைத்தோம். 38 சரக்கு டோக்கனில் ஒன்று எங்கோ போய்விட்டது, இப்போது ஒரு சோழிதான் வெள்ளி. லாஸ்ட் சிட்டீஸில் டோக்கனே கிடையாது, பலகை இல்லாமலும் ஆடலாம், சீட்டை மட்டும் ரப்பர் பேண்ட் போட்டு ரயிலுக்கு எடுத்துப் போகலாம். உப்புக் காற்றில் சீட்டு ஊறி ஓரம் சுருள்வது இரண்டுக்கும் பொதுதான், பிளாஸ்டிக் உறை போடாமல் ஆடாதீர்கள்.

கணவன் மனைவி, அப்பா மகள் என்று ஆடுபவர்கள், பேசிக்கொண்டே சிரித்துக்கொண்டே அரை மணி நேரம் வேண்டும் என்பவர்கள் ஜெய்ப்பூர் வாங்குங்கள். வாய் திறக்காமல் முகத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டே ஆடுகிற ஆள் என்றால், பயணத்துக்கும் வேண்டும் என்றால், லாஸ்ட் சிட்டீஸ். எங்கள் ஜெய்ப்பூர் பெட்டி ஜூன் 15 காலையிலிருந்து அத்தையின் வாடியில் இருக்கிறது. திருப்பிக் கேட்டதற்கு, பக்கத்து வாடிக்காரம்மாவுக்கு இப்போதுதான் சொல்லித் தந்துகொண்டிருக்கிறாராம், ஒரு மாசம் கழித்து வா என்கிறார்.