செனட்டர்களின் அவைப் பேச்சைத் தேடிப் படிக்க: ஆஸ்திரேலிய ஹன்சாட் இணையச் சேவை

ஒரு செனட்டர், அதாவது மேலவை உறுப்பினர், அவையில் உண்மையில் என்ன பேசினார் என்பதை அறிய, ஆஸ்திரேலிய நாடாளுமன்ற இணையதளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் ஹன்சாட் எனும் அவைப் பேச்சுப் பதிவேட்டை விட நம்பகமான வழி இல்லை. 1901 முதலான விவாதங்கள் அதில் உள்ளன. உறுப்பினரின் பெயரையும் காலத்தையும் கொடுத்துத் தேடலாம். குவீன்ஸ்லாந்திலிருந்து 1971-இல் அவைக்கு வந்த முதல் பழங்குடிச் செனட்டர் நெவில் பொன்னரின் கன்னிப்பேச்சை இன்று வீட்டிலிருந்தபடியே முழுமையாக வாசிக்க முடிவது, என்னைப் பொறுத்தவரை, இச்சேவையின் பெரும் பேறு.

ஆனால் பேச்சுகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஒருவரை எடைபோடுவது தவறு. அமைச்சர்களையும் அதிகாரிகளையும் செலவுக் கணக்குகள் குறித்துத் துருவித் துருவிக் கேட்கும் மதிப்பீட்டுக் குழு விசாரணைகள் தனிப் பதிவாக இருப்பதால், அவைப் பதிவோடு நின்றுவிடும் வாசகர் ஒரு செனட்டரின் கடின உழைப்பையே தவறவிடக்கூடும். இடைமறிப்புக் குரல்களும், பேசுபவர் அவற்றுக்குப் பதில் சொன்னாலொழிய, பொதுவாக ஏட்டில் ஏறுவதில்லை. அவையின் சூட்டைக் காணொளியில்தான் உணர வேண்டும். அண்மைய அமர்வுகளின் பதிவுகள் முதலில் திருத்தத்துக்குரிய வரைவாகவே வெளியாகின்றன என்பதை மேற்கோள் காட்டுபவர்கள் கவனிப்பது நல்லது.