குப்பியில் வந்த மனித நரம்பணுக்கள்

எலியின் நரம்பணுக்களையே நம்பியிருந்த எங்கள் கோவை ஆய்வகத்துக்கு, உறைநிலையில் விற்கப்படும், தசைகளை இயக்கும் மனித இயக்க நரம்பணுக்களைச் சென்ற ஆண்டு இரண்டு முறை வரவழைத்தோம். ஜப்பானிய அறிவியலாளர் ஷின்யா யமனாக்கா 2006-இல் எலியிலும் 2007-இல் மனிதரிலும் செய்து காட்டியபடி, முதிர்ந்த அணுவை நான்கு மரபணுக்களைக் கொண்டு, எவ்வகை அணுவாகவும் மாறவல்ல குருத்தணு நிலைக்குத் திருப்பி, அதிலிருந்து நரம்பணுவை வளர்த்துக் குப்பியில் அடைத்து அனுப்புகிறார்கள். நாங்கள் வாங்கியது இணைக் குப்பிகள்: ஒன்றில், இயக்க நரம்பணுக்கள் படிப்படியாக அழியும் ஏ.எல்.எஸ். நோயை உண்டாக்கும் எஸ்.ஓ.டி.1 மரபணுப் பிழையுள்ள அணுக்கள். மற்றொன்றில் அதே நபரின் அணுக்களில் அந்தப் பிழையை மட்டும் கிரிஸ்பர் என்னும் மரபணு திருத்தும் முறையில் திருத்தியவை.

முதல் பொதி வீணாயிற்று. உலர்பனிக்கட்டியில் வைத்த பெட்டி வழியில் நான்கு நாள் தேங்கி, சித்திரை வெயிலில் வந்து சேர்ந்தபோது பனிக்கட்டி ஒரு கைப்பிடியளவே மிஞ்சியிருந்தது. இந்த அணுக்கள் மேற்கொண்டு பிரிந்து பெருகாதவை என்பதால், பிழைத்ததைக் கொண்டு பெருக்கிக்கொள்ளவும் வழியில்லை. விற்ற நிறுவனமோ, பெட்டி கைமாறியதோடு தன் பொறுப்பு முடிந்தது என்று எழுதி ஒதுங்கிக்கொண்டது. இரண்டாம் முறை, திரவ நைட்ரஜன் ஊறிய கலனில்தான் அனுப்புவோம் என்று எழுதி வாங்கிய பிறகே பணம் கட்டினோம்.

குப்பியை 37 பாகை நீரில் பிடித்திருந்து, மிளகளவு பனி மிஞ்சும்போதே எடுத்து, வளர்ப்பூடகத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். அவசரப்பட்டு ஊற்றினால் அணுக்கள் நீரை உறிஞ்சி வெடித்துவிடும். அணுக்கள் பற்றிக்கொள்ள லாமினின் என்னும் புரதம் பூசிய 96 குழித் தட்டில் இட்ட மறுநாள் அவை உருண்டை உருண்டையாகக் கிடந்தன. நட்ட நாற்று பச்சை பிடிக்குமா என்று வயலையே சுற்றிவரும் குடியானவரைப் போல நுண்ணோக்கியை விட்டு அகலாதிருந்த எங்கள் ஆய்வு மாணவி, நான்காம் நாள் காலை, நூலிழை போன்ற கிளைகள் குழி முழுக்கப் பின்னிக் கிடப்பதைப் பார்க்க எல்லாரையும் அழைத்தார்.

இத்தகைய நோயாளி அணுக்கள் அளவு மீறி மின்துடிப்பு எழுப்புவதையும், வலிப்பு மருந்தான ரெடிகாபின் அதை அடக்குவதையும் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்டனர். ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழகத்தார் 1,232 மருந்துகளைச் சலித்து, பார்க்கின்சன் மருந்தான ரோபினிரோலைக் கண்டெடுத்ததும் இவ்வழியிலேயே. எங்கள் தட்டிலும் நான்காம் வாரத்தில் ரெடிகாபின் இட்ட குழிகளில் துடிப்பு தணிந்தது. அதைவிட எனக்கு நிறைவு தந்தது, திருத்திய அணுக்கள் மருந்தில்லாமலே அடங்கியிருந்ததுதான். இணைக் குப்பி வாங்காமல் மிச்சம் பிடிப்போர், இருவேறு மனிதருக்கிடையே இயல்பாக உள்ள வேறுபாட்டை நோய் என்று எண்ணி ஏமாறக்கூடும்.

ஈரோட்டு மஞ்சள் விளையும் சீமையாயிற்றே, மஞ்சளில் உள்ள குர்குமினைச் சோதித்தால் என்ன என்று கேட்காதவர் இல்லை. குர்குமின் தானே ஒளிரும் பொருள். அணுவின் துடிப்பை ஒளியாகக் காட்ட நாங்கள் பயன்படுத்தியது போன்ற கால்சியம் சாயத்தோடு அதைச் சேர்த்தால், துடிப்பின் ஒளி எது, மஞ்சளின் ஒளி எது என்று பிரித்தறிவது கடினம். துடிப்பை ஒளியில்லாமல் நேரடியாக அளக்கும் மின்முனை பதித்த தட்டு கைக்கு வரும்வரை அதைத் தொடுவதாக இல்லை.

விற்பனைக் கையேடு இந்த அணுக்களை மனித மூளைக்கே நிகராகப் பேசுவது மிகை. குருத்து நிலைக்குத் திருப்பும்போது வயதின் தடயங்கள் பெரும்பாலும் அழிந்துவிடுவதால், இவை கருவிலுள்ள சிசுவின் நரம்பணுக்களை ஒத்தவை. நடுவயதுக்குப் பின் பெரும்பாலும் தலைகாட்டும் நோயை நாம் அவற்றில் தேடுகிறோம். மேலும், மூளைக்குள் எது நுழையலாம் என்று வடிகட்டும் இரத்தக் குழாய் தட்டில் கிடையாது. ஆகவே இங்கே வேலை செய்யும் மருந்து மூளைக்குள் நுழையுமா என்பதை வேறு சோதனையில்தான் பார்க்க வேண்டும்.

இந்தக் குறைகள் தெரிந்தே மீண்டும் வாங்குகிறோம். அடுத்த பொதியை மார்கழியில், வாரத் தொடக்கத்தில் அனுப்பும்படி கேட்டிருக்கிறோம். இன்குபேட்டருக்குத் தனி யுபிஎஸ்ஸும் போட்டாயிற்று.