மலைநாட்டில் சேர்வர் நேரம்: க்ரோனியும் ஜிபிஎஸ் ரிசீவரும், மூன்று வருடப் பாவனைக்குப் பிறகு

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் தோட்ட ஆபிஸிலோ தேயிலை ஃபக்டரியிலோ சேர்வர் வைத்திருப்பவர்கள் நேரத்துக்கு இணையத்தை மட்டும் நம்பக்கூடாது. கூரையில் ஒரு ஜிபிஎஸ் அன்டெனா, அதற்குக் கீழே ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி ஒன்று, எல்லா லினக்ஸ் கணினியிலும் நேரத்தைத் திருத்தும் க்ரோனி மென்பொருள். மூன்று வருடமாக இந்த அமைப்புதான் ஓடுகிறது. இன்றைக்குப் புதிதாகப் போடச் சொன்னாலும் இதையேதான் போடுவோம்.

இணையம் ஏன் போதாது? இணையம் வழியே நேரம் எடுக்கும் முறையான என்டிபி, போகிற தாமதமும் வருகிற தாமதமும் சமம் என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடுகிறது. மலை இடுக்கில் 4ஜி ரூட்டரை வைத்து, பின்னேரம் அறிக்கைகளையும் கேமரா பதிவையும் மேலே ஏற்றும்போது அந்தச் சமன் குலைந்துவிடும். போக 180 மில்லிசெக்கன், வர 40 என்றால், வித்தியாசத்தில் பாதி, அதாவது 70 மில்லிசெக்கன், அப்படியே பிழையாகச் சேரும். அதைத் தாண்டினால் மழைக்காலத்தில் இணைப்பே இருக்காது.

இரண்டாவது காரணம் குளிர். சேர்வர் நின்றிருக்கும்போது நேரத்தைக் காப்பது மதர்போர்டில் உள்ள 32.768 கிலோஹேர்ட்ஸ் படிகம். அது 25 பாகையில் சரியாக ஓடும்படி செய்யப்பட்டது. சூடானாலும் குளிர்ந்தாலும் மெதுவாகத்தான் போகும். நுவரெலியா இரவில் அறை 10 பாகைக்கு இறங்கினால் ஏறத்தாழ 7.6 பிபிஎம் (பத்து லட்சத்தில் 7.6 பங்கு), நாளுக்கு 0.66 செக்கன் பின்தங்கும். படிகத்தின் சொந்தப் பிழை 20 பிபிஎம் வரை போகலாம். அது நாளுக்கு 1.7 செக்கன். தீபாவளிக்கு நான்கு நாள் சேர்வரை நிறுத்திவைத்தால் ஒன்பது செக்கனுக்கு மேல் போய்விட இடமுண்டு. அந்தக் கடிகாரத்தை ஓட்டும் சிஆர்2032 பற்றரி செத்திருந்தால் கதை வேறு: கணினி பழைய ஆண்டு ஒன்றில் எழும்பி, பாதுகாப்புச் சான்றிதழ்கள் எல்லாம் ‘இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று மறுக்கும்.

என்டிபிடி என்ற பழைய நேர மென்பொருளை விட்டுவிட்டு க்ரோனிக்கு மாறியது இதற்காகத்தான். என்டிபிடி கடிகாரத்தை மெல்லத் திருத்தும் வேகம் அதிகபட்சம் 500 பிபிஎம். ஒரு செக்கனை ஈடுகட்ட 33 நிமிடம் வேண்டும். லினக்ஸில் க்ரோனி அதே செக்கனைப் பன்னிரண்டு செக்கனில் முடிக்கும். ‘மேக்ஸ்டெப் 1.0 3’ (makestep 1.0 3) என்ற வரியைக் க்ரோனியின் அமைப்புக் கோப்பில் கட்டாயம் போடுங்கள்: முதல் மூன்று அளவீட்டுக்குள் மட்டும், ஒரு செக்கனுக்கு மேல் பிழை இருந்தால் ஒரேயடியாகத் தாவும். அதன்பின் தாவாது. ஓடிக்கொண்டிருக்கும் சம்பள டேட்டாபேஸுக்கு நேரம் பின்னோக்கிக் குதிப்பதைப் போல ஆபத்து வேறில்லை.

ஜிபிஎஸ் விஷயத்தில் காசை மிச்சம் பிடிக்கப்போய் யூஎஸ்பி ரிசீவர் வாங்காதீர்கள். அதில் நேரம் எழுத்து வரியாக, நூற்றுக்கணக்கான மில்லிசெக்கன் பிந்தி, அதுவும் ஆளுக்கொரு அளவில் பிந்தி வரும். செக்கனுக்கு ஒரு துடிப்புத் தரும் பிபிஎஸ் பின் உள்ள யூ-ப்ளாக்ஸ் வகையை வாங்கி, அந்தப் பின்னை ராஸ்பெரி பையின் ஜிபிஐஓ 18 என்ற பின்னுக்குக் கொடுத்தால் பிழை மைக்ரோசெக்கனுக்கு இறங்கும். ரிசீவரை வாசிக்கும் மென்பொருளான ஜிபிஎஸ்டியைத் தொடக்கும்போது ‘-என்’ (-n) தெரிவைச் சேர்க்க மறந்தால், க்ரோனி காத்துக்கொண்டே இருக்கும். யாராவது கேட்கும்வரை ஜிபிஎஸ்டி ரிசீவரைத் திறக்கவே மாட்டாது. பலரும் பாதி நாளைத் தொலைப்பது இங்கேதான்.

அன்டெனாவைத் தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் பிடிக்காது. மூடுபனியும் மழையும் இந்த அலைவரிசைக்குப் பெரிய தடையல்ல. நனைந்த மரக்கிளை தடை. ஆகவே சவுக்கு, யூக்கலிப்டஸ் நிழலைத் தவிர்த்து, மலைச்சரிவு மறைக்காத மூலையில் பொருத்துங்கள். கனெக்டருக்குள் ஈரம் இறங்கினால் சட்டென்று அறுந்துபோகாது. சற்லைட் எண்ணிக்கை வாரக்கணக்கில் ஒவ்வொன்றாகக் குறையும். இழுத்துச் சுற்றும் ரப்பர் டேப் இரண்டு அடுக்கு, கேபிள் உள்ளே நுழையும் இடத்தில் நீர் சொட்ட ஒரு வளைவு, மின்னல் தடுப்பானுக்குத் தனி எர்த் கம்பி: மூன்றும் அவசியம்.

இவ்வளவு செய்தும் கரண்ட் போய் வந்த காலைகளில் லொகின் மறுக்கப்பட்டால் காரணம் எழும்பும் வரிசை. ராஸ்பெரி பை 4 வரைக்கும் சொந்தக் கடிகாரம் கிடையாது. டிஎஸ்3231 என்ற கடிகாரத் துண்டு ஒன்றைச் சேர்த்தால் நாளுக்கு 0.17 செக்கனுக்குள் நிற்கும். பைக்கும் ஸ்விட்சுக்கும் தனி யூபிஎஸ் கொடுங்கள். ஹோஸ்ட், அதாவது மெய்நிகர் கணினிகளைத் தாங்கும் சேர்வர், முதலில் பையிடம் நேரம் எடுக்கட்டும். அதற்குள் ஓடும், லொகின்களைக் கவனிக்கும் வின்டோஸ் டொமைன் கன்ட்ரோலர் மூன்று நிமிடம் பிந்தி எழும்பட்டும். அது ஹோஸ்டின் நேரத்தையும் பையின் நேரத்தையும் ஒரே சமயத்தில் கேட்கக் கூடாது. மெய்நிகர் கணினிக்குள் இருக்கும் விஎம் டூல்ஸின் நேர ஒத்திசைவை நிறுத்தினாலும் ஸ்னாப்ஷொட் மீட்கும்போது அது ஒருமுறை நேரத்தைத் தள்ளும் என்பதை நினைவில் வையுங்கள். லொகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் இயல்பாகப் பொறுப்பது ஐந்து நிமிட வித்தியாசம்தான்.

பிழையின் அளவே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். சரியாக ஐந்தரை மணி கூடுதல் என்றால் வன்பொருள் கடிகாரம் உள்ளூர் நேரத்தில் இருக்கிறது, சிஸ்டம் அதை யூடிசி, அதாவது உலகப் பொது நேரம், என்று வாசிக்கிறது. அன்றைக்கு மாலை ஆறரைக்குப் பிறகு கைரேகை வைத்த இரவு ஷிஃப்ட் ஆட்களுக்கு மறுநாள் தேதி விழும். பேர் போடும்போது, அதாவது நாள் வேலையைக் கணக்கில் பதியும்போது, ஒருவரின் ஒரு நாள் உழைப்பே இடம் மாறிவிடும் என்பதால் இதை முதலில் பாருங்கள். பத்தொன்பதரை வருடம் பின்னே போனால் பழைய ரிசீவரின் 1024 வாரக் கணக்கு சுற்றிவிட்டது. யூடிசிப்படி 2019 ஏப்ரல் 6 இரவு அப்படிச் சுற்றியது. இதைப் பிடிக்கத்தான் ஜிபிஎஸ்ஸோடு மூன்று இணைய நேர மூலங்களையும் சேர்க்கச் சொல்கிறோம். பழைய பதிவில் மட்டும் அரை மணி, ஒரு மணி இடித்தால் சேர்வரைக் குறை சொல்லாதீர்கள்: 1996 மே முதல் 2006 ஏப்ரல் வரை இலங்கை நேரமே முதலில் ஆறரையும் பிறகு ஆறுமாக இருந்தது.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. மாதம் ஒருமுறை ‘க்ரோனிசி ட்ராக்கிங்’ (chronyc tracking) கட்டளையின் வெளியீட்டைக் குறித்துவைப்பது, மூன்று வருடத்துக்கு ஒருமுறை சிஆர்2032 மாற்றுவது, மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் கூரையேறி ரப்பர் டேப்பைத் தொட்டுப் பார்ப்பது.