இ20 பெட்ரோல்: சரக்கு பரவாயில்லை, விற்கிற விதம்தான் சரியில்லை

பெட்ரோல் பங்கில் போய் சாதாரண பெட்ரோல் என்று கேட்டால் இப்போது வண்டிக்குள் இறங்குவது இ20. அதாவது நூறு லிட்டரில் இருபது லிட்டர் வரை எத்தனால், கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் எடுக்கும் ஆல்கஹால். 2023 பிப்ரவரியில் சில பெட்ரோல் பங்குகளில் மட்டும் தொடங்கி, 2025-க்குள் நாடு முழுக்கப் பரவி, பத்து சதவீதம் எத்தனால் கலந்த இ10-ஐ ஓரங்கட்டிவிட்டது. முதலில் 2030-க்கு வைத்திருந்த இலக்கை முன்னால் இழுத்ததால் வந்த வேகம் இது. அந்நியச் செலாவணி மிச்சம், கரும்பு விவசாயிக்குப் பணம் என்று அரசு ஒரு பக்கம் கணக்குக் காட்டுகிறது. வண்டி வைத்திருப்பவர் இன்னொரு பக்கம் குமுறுகிறார். காசு கொடுத்து வாங்கும் பொருளாக இது எப்படி என்பதை முதலில் பார்ப்போம்.

மைலேஜ்தான் பெரிய புகார். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 32 மெகாஜூல் சக்தி இருக்கிறது, எத்தனாலில் 21. கலந்தால் சுத்த பெட்ரோலைவிட இ20-இல் 7 சதவீதம் குறைகிறது. 2021-இல் மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக்கின் குழு தந்த அறிக்கையும் பழைய கார்களுக்கு 6-7 சதவீதம், இருசக்கர வண்டிகளுக்கு 3-4 சதவீதம் என்றுதான் சொன்னது. ஆனால் இதில் பாதி இழப்பு இ10 காலத்திலேயே நடந்து முடிந்துவிட்டது. இ10-இலிருந்து இ20-க்கு வரும்போது சக்தி குறைவது மூன்றரை சதவீதம் அளவுக்குத்தான். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தந்த கார் பதினாலரைக்கு இறங்கும். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால் இரண்டேகால் லிட்டர் கூடுதல் செலவு. "மைலேஜ் இருபது சதவீதம் போச்சு" என்கிறவர்கள் டயர் காற்றையும் ஏர் ஃபில்டரையும் பார்ப்பது நல்லது.

ஆக்டேன், அதாவது எரிபொருள் நேரம் தவறி வெடிக்காமல் தாங்கும் திறன், அந்த விஷயத்தில் இ20-க்குத் தாராளமாக மதிப்பெண் போடலாம். இன்ஜின் தட்டல் குறையும். ஆனால் அந்த ஆக்டேனை முழுசாகப் பயன்படுத்த கம்ப்ரஷன் விகிதம் கூடிய, இ20-க்கென்றே ட்யூன் செய்த இன்ஜின் வேண்டும். ஏற்கெனவே ஓடுகிற வண்டிகளுக்கு அந்த ஆதாயத்தில் பெரும்பகுதி கிடைக்காது.

எந்த வண்டிக்கு ஆகும், எதற்கு ஆகாது? 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புகை மாசு விதி) இரண்டாம் கட்ட வண்டிகளில் ட்யூப், வாஷர், பம்ப் எல்லாம் இ20 தாங்கும் பொருளில்தான் வருகின்றன. அதற்கு முந்தைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் ஆக்சிஜன் சென்சார் இருந்தால் அது கலவையைத் தானே சரிசெய்துகொள்ளும்; உடனடிச் சிக்கல் இல்லை. உண்மையில் அடி வாங்குவது, சென்சார் இல்லாமல் பெட்ரோலையும் காற்றையும் ஒரே அளவில் கலக்கும் கார்புரேட்டர் உள்ள பழைய வண்டிகள். ஒரு பங்கு பெட்ரோல் எரிய எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். இ20-க்குப் பதின்மூன்றரை போதும். கார்புரேட்டருக்கு இது தெரியாது, பழைய அளவிலேயே காற்று விடும்; காற்று மிஞ்சிப்போகும். விளைவு: காலையில் ஸ்டார்ட் ஆகத் தகராறு, த்ராட்டில் திருக்கினால் ஒரு திணறல், இன்ஜின் சூடு. கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் துளையான மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏற்றினால் பெரும்பாலும் சரியாகும்.

அடுத்தது ரப்பர். பழைய நைட்ரைல் ரப்பர் ட்யூப் எத்தனாலில் ஊறி உப்பி, பிறகு வெடிப்பு விடும். முதலில் கசிவது கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்து (ஃப்ளோட் சேம்பர்) கேஸ்கெட்டும், டேங்கின் அடியில் உள்ள பெட்ரோல் குழாய்த் திருகின் (பெட்காக்) வாஷரும்தான். மாற்றும்போது எத்தனால் தாங்கும் விட்டான் ரப்பர் வகையாகக் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று: எத்தனால் டேங்கின் அடியில் வருடக்கணக்கில் படிந்த பிசினைக் கரைத்துக் கிளப்பிவிடும். பழைய வண்டி இ20-க்கு மாறிய புதிதில் ஃபில்டர் அடைப்பதற்கு இதுவே காரணம். ஃபில்டரை ஒருமுறை முன்கூட்டியே மாற்றிவிட்டால் நடுரோட்டில் நிற்க வேண்டியதில்லை.

தண்ணீர்தான் இந்தச் சரக்கின் மோசமான எதிரி. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஓர் அளவுவரை தண்ணீர் கலந்தே இருக்கும். அளவு தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடிக்குப் போய்விடும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். வண்டி படுத்துவிடும். இதற்கு டேங்கைக் கழற்றிக் கொட்டுவதைத் தவிர வேறு வழி கிடையாது. மேலே புது பெட்ரோல் ஊற்றுவது வீண். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கிய பங்கைத் தவிர்ப்பதும், வாரக்கணக்கில் நிற்கப்போகும் வண்டியில் டேங்கை நிரப்பி வைப்பதும் இதனால்தான்.

சந்தேகம் வந்தால் சோதிக்கலாம். மூடியுள்ள 100 மில்லி கண்ணாடி அளவு ஜாடியில் 10 மில்லி தண்ணீர், 90 மில்லி பெட்ரோல். குலுக்கிவிட்டுப் பத்து நிமிடம் வையுங்கள், பக்கத்தில் நெருப்பு இல்லாமல். எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கும். அடி அடுக்கு 28 மில்லி அருகே நின்றால் இ20 சரியான அளவில் இருக்கிறது என்று பொருள். தண்ணீர் பாட்டிலில் பெட்ரோலை ஊற்றி "பாருங்கள், பாதி தண்ணீர்" என்று போடும் பல வீடியோக்களில் தெரிவது இந்த அடுக்குதான்.

சரக்கைப் பொறுத்தவரை இவ்வளவே. ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். விற்கும் முறைக்கு ஒன்றுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை.

சக்தி குறைந்த எரிபொருளை விலை குறைத்து விற்க வேண்டும் என்று சொன்னது அதே 2021 நிதி ஆயோக் அறிக்கைதான். நடந்தது வேறு. லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால், சக்திக் கணக்கில் இ10-ஐவிட இ20 மூன்றரை ரூபாய் மலிவாக இருக்க வேண்டும். ஒரு பைசா குறையவில்லை. எத்தனால் கொள்முதல் விலையே சுத்திகரித்த பெட்ரோலின் விலையைத் தாண்டிவிட்டது என்பது 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் தந்த விளக்கம். சராசரி லிட்டருக்கு 71 ரூபாய்க்கு மேல். மக்காச்சோள எத்தனாலுக்கு அரசே நிர்ணயித்த விலை 71.86. விளக்கம் உண்மைதான், ஆனால் அந்தச் சுமையைச் சுமப்பது யார் என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது. அரிசியையும் மக்காச்சோளத்தையும் டேங்குக்குத் திருப்புவது சரியா என்பது தனி வழக்கு. கரும்பிலிருந்து எடுத்தால் ஒரு லிட்டர் எத்தனாலுக்கு 2,860 லிட்டர் தண்ணீர் என்பதும் நிதி ஆயோக் அறிக்கையில் உள்ள கணக்குதான்.

தேர்வும் இல்லை. எத்தனால் இல்லாத பெட்ரோலும், பங்கில் தெளிவான லேபிளும் கேட்டுப் போன மனுவை 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பிரேசிலை உதாரணம் காட்டுபவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: அங்கே கலப்பு பெட்ரோலும் தனி எத்தனாலும் பக்கத்துப் பக்கத்துப் பம்பில், தனித்தனி விலையில் கிடைக்கின்றன. எத்தனால் விலை பெட்ரோலில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மக்கள் அதைப் போட்டுக்கொள்கிறார்கள்.

இங்கே தப்பிக்க நினைப்பவர்கள் 95 ஆக்டேன் பிரீமியத்துக்கு ஓடுகிறார்கள். அதிலும் எத்தனால் உண்டு. எத்தனால் இல்லாதது என்று விற்கப்படுவது இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி100. சாதாரண பெட்ரோலைவிட விலை மிகவும் கூடுதல், கிடைப்பதும் பெரிய ஊர்களில் சில பங்குகளில் மட்டும். நூறு சிசி வண்டிக்கு அந்த ஆக்டேன் தேவையே இல்லை. மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் பழைய புல்லட்டுக்கு, நிறுத்துவதற்கு முன் டேங்கில் உள்ள இ20-ஐ ஓட்டித் தீர்த்துவிட்டு இதை நிரப்பினால் கொடுத்த காசு வீணாகாது.